பத்தாம் வகுப்புக் கணக்கு எங்கே ஒழுகுகிறது? தப்பான விடையை வைத்துக் கோளாறு பார்க்கும் வழி

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சாயங்காலம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். முதல் இடைப்பருவத் தேர்வு முடிந்ததும் அம்மாமார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "ராத்திரி பூரா படிக்கான் சார், இந்த இருபடிச் சமன்பாடு மட்டும் ஏறவே மாட்டேங்கு."

நோட்டை வாங்கிப் பார்ப்பேன். x² − 15x + 56 = 0 என்று இருக்கும். பெருக்கினால் 56, கூட்டினால் −15 வருகிற இரண்டு எண் வேண்டும் என்பதுவரை பையன் சரியாக எழுதியிருப்பான். அதற்கு அப்புறம் ஒன்றும் இருக்காது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது அவனுக்கு வரவில்லை. இருபடிச் சமன்பாட்டில் ஒரு குற்றமும் இல்லை. ஓட்டு வீட்டில் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓடு உடைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சட்டத்தில் வழிந்து எங்கேயோ வந்து சொட்டும். கணக்கும் அப்படித்தான். பத்தாம் வகுப்பில் சொட்டினால் நாலாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ ஏறிப் பார்க்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது. அதனாலேயோ என்னவோ, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று வெளியே சொல்ல எல்லாருக்கும் கூச்சம். பிள்ளைக்குத்தான் கூச்சம் அதிகம். எனவே முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு, வேறு பிள்ளைகள் இல்லாத நேரத்தில், கீழே உள்ள பத்துக் கணக்கைக் கொடுங்கள்.

4003 − 1867
7 × 8
612 ÷ 6
1/2 + 1/3
0.35, 0.4 — எது பெரியது?
−3 − 5
(−3) × (−5)
3x + 5 = 20 என்றால் x எவ்வளவு?
(10 + 3)²
திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து மொத்தம் 133 அடி. பீடம் மட்டும் 38 அடி. சிலை எவ்வளவு?

நேரக் கட்டுப்பாடு வேண்டாம். அழிரப்பரைப் பிள்ளையிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். அழிக்கிற விடைதான் நமக்கு வேண்டிய விடை. சிவப்பு மையால் பெருக்கல் குறி போடாதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும், சரியாக வந்ததற்கும்கூட, "எப்படிச் செஞ்ச?" என்று கேட்டு, பிள்ளை சொல்வதை அப்படியே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே பேசித் திருத்தக் கூடாது. எனக்கு இதைப் பழக இரண்டு வருஷம் ஆயிற்று. பிள்ளை தப்பாகச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது அவ்வளவு லேசில்லை.

இனி, எந்த விடை வந்திருக்கிறதோ அந்த இடத்துக்குப் போங்கள். பல இடத்தில் கோளாறு இருந்தால் மேலிருந்து கீழே வரிசையாகச் சரிசெய்யுங்கள்.

கழித்தலில் 3864 வருகிறது

4003 − 1867 = 2136. ஆனால் 3864 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். போன வருஷம் வந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் முத்து முத்தான கையெழுத்தில் இதே விடையை எழுதினாள். எப்படி என்று கேட்டேன். "மூணுல ஏழு போகாது சார், அதனால ஏழுல மூணு போட்டேன், நாலு." ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். ஒரு இடத்தில்கூட விதி மாறவில்லை. விதிதான் தப்பு.

அடுத்த சோதனை இது. "4003-ல எத்தனை நூறு இருக்கு மக்கா?" அவள் நூறாம் இடத்தைப் பார்த்துவிட்டு, "நூறே இல்ல சார், பூஜ்யம்லா இருக்கு" என்றாள். கோளாறு அங்கே இருந்தது. நாலாயிரத்துக்குள் நாற்பது நூறு அடங்கியிருக்கிறது என்பது தெரியாதவரை, எத்தனை கழித்தல் கணக்கு போடச் சொன்னாலும் பிரயோசனம் இல்லை.

பழைய காலண்டர் தாளை வெட்டி 1000, 100, 10, 1 என்று எழுதிச் சீட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஆயிரம், மூணு ஒன்று அவள் கையில். அவள் எனக்கு 1867 தர வேண்டும். கையில் ஏழு ஒன்று இல்லை. என்ன செய்ய? "சில்லறை மாத்தணும்." ஆயிரத்தில் ஒன்றை நூறாக மாற்றினாள், நூறில் ஒன்றைப் பத்தாக, பத்தில் ஒன்றை ஒன்றாக. கையில் இப்போது 3 ஆயிரம், 9 நூறு, 9 பத்து, 13 ஒன்று. எண்ணிக் கொடுத்தாள். மீதி 2136.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆதங்கம். நாம் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று சொல்லிக் கொடுக்கிறோம். வாங்கின கடனை யாரும் திருப்பிக் கொடுப்பதைப் பிள்ளை பார்ப்பதில்லை. இதில் கடனே இல்லை, சில்லறை மாற்றுவதுதான் இருக்கிறது. நான் 'மாற்றிக் கழித்தல்' என்றே சொல்லுகிறேன், குழப்பம் பாதியாகக் குறைகிறது.

சீட்டு பழகின பிறகு ஒரு குறுக்குவழியும் காட்டலாம். இரண்டு எண்ணிலும் நாலைக் குறைத்தால் வித்தியாசம் மாறாது: 3999 − 1863. மாற்றவே வேண்டாம், நேராகக் கழித்துவிடலாம். ஆனால் இதை முதலிலேயே காட்டினால் இன்னொரு மனப்பாட விதி ஆகிவிடும்.

612 ÷ 6-க்கு 12 எழுதியிருந்தாலும் நோய் இதேதான். "அறுநூறு ரூபாயை ஆறு பேருக்குப் பிரிச்சா தலைக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். நூறு என்று உடனே வரும். "அப்போ 612-க்கு 12 எப்படி?" பிள்ளையே பேனாவை எடுத்து 102 என்று திருத்தும்.

7 × 8-க்கு விரல் விடுகிறான்

விரல் விடுவதைத் தடுக்காதீர்கள். மேஜைக்குக் கீழே விரல் விடுகிற பிள்ளையைவிட மேலே விடுகிற பிள்ளையைச் சரிசெய்வது எளிது.

பதினாறாம் வாய்ப்பாடு வரை தினம் எழுதிக் கொண்டுவரச் சொல்வது நம் பக்கத்துப் பழக்கம். எழுதுகிற பிள்ளை நிமிர்ந்து பார்க்காமல் ஏழு ஏழாகக் கூட்டிக்கொண்டே போகும். மனசில் ஒன்றும் தங்காது. உண்மையில் தெரியாதது எவ்வளவு என்று பாருங்கள். 2 முதல் 9 வரை உள்ள எண்களின் பெருக்கல்கள், 7 × 8-ம் 8 × 7-ம் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டால், மொத்தம் 36 தான். இரண்டாம் வாய்ப்பாடும் ஐந்தாம் வாய்ப்பாடும் அநேகமாக எல்லாருக்கும் தெரியும். அதைக் கழித்தால் 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு வழி உண்டு: 9 × 7 என்றால் 70-ல் 7 போக 63. அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் 15. அதிலும் 3 × 3, 4 × 4 எல்லாம் சேர்த்திதான்.

இந்தப் பதினைந்தில் பிள்ளைக்கு நிஜமாகவே தெரியாதது ஏழோ எட்டோ இருக்கும். 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8 அதில் கட்டாயம் இருக்கும். அட்டையில் ஒன்றொன்றாக எழுதி, ஒரு நாளைக்கு இரண்டு. பஸ்ஸில் போகும்போது, சாப்பிடும்போது, முற்றம் பெருக்கும்போது கேளுங்கள். வரிசையாகக் கேட்கக் கூடாது. "இனி எட்டுதான் பாக்கி" என்று கேட்கிற பிள்ளையின் முகமும், "பதினாறு வரைக்கும் எழுதிட்டு வா" என்று கேட்கிற பிள்ளையின் முகமும் வேறு வேறு.

1/2 + 1/3 = 2/5

மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறான். உடனே மீச்சிறு பொது மடங்கு என்று ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ஒரே ஒரு கேள்வி: "2/5 அரையைவிடப் பெருசா, சிறுசா?" ஐந்தில் பாதி இரண்டரை, எனவே 2/5 அரையைவிடச் சிறிசு. "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தியே, எப்படி அரையைவிடக் குறைஞ்சுது?" பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். அந்த மௌனத்தைக் கெடுக்காதீர்கள்.

இந்தக் கேள்விக்கே பதில் வரவில்லை என்றால் பின்னம் ஒரு எண் என்பதே பிள்ளையிடம் இல்லை, கோடு போட்டு மேலும் கீழுமாக எழுதின இரண்டு எண்ணாக மட்டும் இருக்கிறது. அப்போது நகைக்குப் போங்கள். நம் வீடுகளில் பவுன் பேச்சு இல்லாத நாள் உண்டா? ஒரு பவுன் 8 கிராம். அரைப் பவுன் 4 கிராம், கால் பவுன் 2, அரைக்கால் 1. அரையும் காலும் சேர்ந்தால் 6 கிராம், முக்கால் பவுன். கால் பவுன் மோதிரத்தோடு அரைக்கால் பவுன் மோதிரம் சேர்ந்தால் 3 கிராம், எட்டில் மூன்று. பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். அரைக்கால், மாகாணி என்று அவர் வாயில் வருவதெல்லாம் பின்னம்தான். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, அரைப் பவுனுக்குள் எட்டு மாகாணி. எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றித்தானே கூட்டினோம்? அதுதான் பகுதியை, அதாவது கீழே உள்ள எண்ணை, சமமாக்குவது.

பவுனில் மூன்றில் ஒன்று சரியாக வராது. அதற்கு ஒரு டஜன் முட்டை. அரை டஜன் 6, மூன்றில் ஒன்று 4, சேர்ந்தால் 10. பன்னிரண்டில் பத்து, அதாவது 5/6. இப்போது மீச்சிறு பொது மடங்கு என்று சொல்லுங்கள். 12 ஏன் வசதி, 10 ஏன் வசதியில்லை என்று பிள்ளையே கேட்கும். 6 போதுமே என்று ஒருத்தி சொன்னாள். அன்றைக்கு மேற்கொண்டு ஒன்றும் நடத்தவில்லை, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

0.35 தான் பெரியது என்கிறான்

முப்பத்தைந்து நாலைவிடப் பெரியது என்கிற கணக்கு. 'பூஜ்யம் புள்ளி முப்பத்தைந்து' என்று நாமே வாசித்துக் காட்டியதன் பலன். 'புள்ளி மூன்று ஐந்து' என்று வாசியுங்கள்.

இதற்கு நம் மாவட்டத்தில் நல்ல மருந்து கையிலேயே இருக்கிறது. இங்கே நிலம் சென்ட் கணக்கில்தான் பேசுவோம். 100 சென்ட் ஒரு ஏக்கர். 0.4 ஏக்கர் 40 சென்ட், 0.35 ஏக்கர் 35 சென்ட். எது பெரிய விளை (தோட்ட நிலம்)? சண்டையே இல்லை. அதே மூச்சில் சதவீதமும் வந்துவிடும்: நூற்றில் ஒன்று சென்ட், நூற்றில் ஒன்று சதவீதம். 25 சென்ட் கால் ஏக்கர், 25 சதவீதம், 0.25. மூன்று பாடமாக நடத்துவதை ஒரே விளையில் முடித்துவிடலாம். கொஞ்சம் தேறின பிள்ளைக்கு, ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அஞ்சு சென்ட் எத்தனை சதுர அடி என்று கொடுங்கள். 2178 என்று வந்ததும் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லும்.

கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தராசு. குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன், அம்மாவோடு சந்தையில் மீன் விற்பவன், தாளில் 1.05-ஐயும் 1.5-ஐயும் ஒன்றென்று எழுதினான். அதையே எலக்ட்ரானிக் தராசில் காட்டுகிற மாதிரி 1.050, 1.500 என்று எழுதிக் காட்டினேன். "அய்யோ சார், அரைக் கிலோ கிட்ட வித்தியாசம்லா" என்றான். 450 கிராம். அவனுக்குத் தசமம் தெரியும்; தாளில் இருப்பதும் தராசில் இருப்பதும் ஒன்று என்பதுதான் தெரியாது.

−3 − 5 = +8

"மைனசும் மைனசும் சேர்ந்தா பிளஸ்லா சார்?" இந்த வாக்கியம் எத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தின்றிருக்கிறது என்று கணக்கே இல்லை. அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உள்ள விதி. 'சேர்ந்தா' என்கிற ஒரு சொல்லில் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் தாவிவிட்டது. அந்தச் சொல்லை அடியோடு நிறுத்துங்கள். 'பெருக்கினா' என்று சொல்லுங்கள்.

பெட்டிக்கடைப் பற்று நோட்டு போதும். மூன்று ரூபாய் பற்று இருக்கிறது, இன்னும் அஞ்சு ரூபாய்க்கு மிட்டாய் வாங்கியாயிற்று. பற்று எட்டு. கையில் எட்டு ரூபாய் வந்துவிடுமா என்ன? −3 − 5 = −8. அஞ்சு ரூபாய் கொடுத்தால் பற்றில் மூன்று போய் இரண்டு கைக்கு மிச்சம்: −3 + 5 = 2. பெருக்கலுக்கும் இதே நோட்டு. அஞ்சு ரூபாய்ப் பற்று மூன்று எழுதியிருந்ததைக் கடைக்காரர் தப்பென்று பார்த்து அடித்துவிட்டார். மூன்று தடவை எடுத்துவிட்டார், எடுத்தது அஞ்சு ரூபாய்க் கடன்: (−3) × (−5). நமக்குப் பதினைந்து ரூபாய் ஆதாயம்.

x = 12, மற்றும் (10 + 3)² = 109

3x + 5 = 20. 3x = 15 வரை சரி. அப்புறம் x = 15 − 3 = 12. "அந்தப் பக்கம் போனா மாறும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மாற்றிவிட்டான். முதல் மருந்து, வந்த விடையைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது: மூன்று பன்னிரண்டு 36, அதோடு 5 சேர்த்தால் 41, இருபது எங்கே? இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் பிள்ளை உங்களை எதிர்பார்க்காது. அப்புறம் தராசு படம். ஒரு தட்டில் ஒரே எடையுள்ள மூன்று பொட்டலமும் அஞ்சு கிலோ கல்லும், மறு தட்டில் இருபது கிலோ. இரண்டு பக்கமும் அஞ்சை எடு. மூன்று பொட்டலம் பதினைந்து, ஒன்று? கழிக்க வேண்டிய இடமும் வகுக்க வேண்டிய இடமும் கண்ணுக்குத் தெரியும். 'அந்தப் பக்கம் போனால்' விதியை இதற்கு அப்புறம் சொன்னால் தப்பில்லை.

109-க்கு ஒரு சதுரம் வரைந்தால் முடிந்தது. பக்கம் 13, அதை 10 ஆகவும் 3 ஆகவும் பிரித்துக் கோடு போடுங்கள். நாலு துண்டு: 100, 30, 30, 9. பிள்ளை எழுதினது மூலையில் உள்ள இரண்டு துண்டை மட்டும். விட்டுப்போன அறுபதுதான் (a + b)² சூத்திரத்தில் வருகிற 2ab.

சிலைக்கு 171 அடி

"மொத்தம்னு இருந்தா கூட்டணும் சார்." 133-ஐயும் 38-ஐயும் கூட்டிவிட்டான். வாக்கியத்தை வாசிக்கவில்லை, சொல்லைப் பொறுக்கியிருக்கிறான். 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று அட்டை எழுதித் தொங்கவிடுகிற வேலையை நான் ஒப்புக்கொள்வதில்லை; இந்த மாதிரிக் கணக்கில் காலை வாரிவிடும்.

எண்ணை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். "என்ன நடந்திருக்கு, உன் வார்த்தையில சொல்லு." பீடம் கீழே, சிலை மேலே, இரண்டும் சேர்ந்த உயரம் தெரியும் என்று சொல்லிவிட்டால் ஒரு நேர்கோடு வரைந்து இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 95 தானாக வரும். கன்னியாகுமரிக்குப் போய்ப் படகில் ஏறின பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்லலாம்: 38 அடி பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரம், 95 அடி சிலை பொருட்பாலின் 70-ம் இன்பத்துப்பாலின் 25-ம். 171 என்று எழுதினவன் இந்தக் கணக்கை அப்புறம் மறப்பதில்லை.

சில பிள்ளைகளுக்குக் கோளாறு கணக்கில் இல்லை, மொழியில். ஆங்கில வழியில் எட்டு வரை படித்துவிட்டுத் தமிழ் வழிக்கு வந்தவர்கள், வீட்டில் பாதி மலையாளம் பேசுகிற மேற்குப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், 'ஈவு', 'தொகுதி', 'பகுதி' போன்ற சொல்லிலேயே நின்றுவிடுவார்கள். கேள்வியை வாயால் சொன்னால் சரியாகச் செய்து, தாளில் கொடுத்தால் தவறினால் இதுதான். பத்துப் பதினைந்து சொல் எழுதி ஒட்டினால் சரியாகிவிடும்.

வீட்டில் வருகிறது, பரீட்சையில் வரவில்லை

அநேகமாக ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து இருபது போட்டிருப்பான். அப்போது எந்த வழி என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பழகினதை நாலு வகையாகக் கலந்து கொடுங்கள். மூன்று நாள் கழித்து, பிறகு பத்து நாள் கழித்து அதையே திரும்பக் கேளுங்கள். நமக்கு இரண்டு பருவமழை. மழை விடுமுறை போக கோட்டாறு திருவிழா, மண்டைக்காடு கொடை என்று உள்ளூர் விடுமுறையும் உண்டு. நடுவில் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்காமல், அந்தப் பத்துக் கணக்கில் எது ஆடுகிறது என்று மட்டும் பாருங்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 100 மதிப்பெண். 35 எடுத்தால் தேர்ச்சி. ஒரு மதிப்பெண் கேள்வி 14, செய்முறை வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டாக 16. பொங்கலுக்குப் பிறகு மெல்லக் கற்கும் பிள்ளைகளை இந்த முப்பதுக்குள் ஓட்டிப் பயிற்சி கொடுப்பதை நானும் செய்கிறேன், செய்யாமல் முடியாது. ஆனால் ஆகஸ்டிலேயே அதைத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. வரைபடத்தில் புள்ளி குறிக்கவும் −3-ம் 0.5-ம் தெரிந்திருக்க வேண்டாமா?

எதைச் செய்தும் அசையவில்லை

மேலே சொன்னதை ஆறு வாரம், தினம் அரை மணி நேரம் செய்தும் ஒன்றும் நகரவில்லை என்றால் பிள்ளையைத் திட்டுவதை நிறுத்துங்கள். முதலில் கண். கரும்பலகையிலிருந்து எழுதின நோட்டில் 6 எட்டாகவும் 3 எட்டாகவும் மாறியிருக்கிறதா, புத்தகத்திலிருந்து எழுதினதில் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் கண்ணாடி வேண்டும். பள்ளிக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது, வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

கண் சரியாக இருந்து, 8-க்கும் 5-க்கும் எது பெரியது என்பதிலேயே தயங்கினால், மணி பார்ப்பதும் சில்லறை எண்ணுவதும் இந்த வயதிலும் தடுமாறினால், கற்றல் குறைபாடாக இருக்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர் என்று சலுகை உண்டு. விண்ணப்பம் பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல், ஒன்பதாம் வகுப்பிலேயே போய்ப் பாருங்கள். அந்தப் பத்துக் கணக்குத் தாளையும், பிள்ளை சொன்னதைப் பக்கத்தில் குறித்து வைத்தீர்களே, அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.